பாக்கு விழுந்த நேரம்

அநியாயம் நடந்தது எனக்கு. என் பெயர் கயற்கண்ணி, எம்.எஸ்ஸி. புள்ளியியல், இரண்டாம் ஆண்டு. செய்தது கீழச்சேந்தங்குடி வெந்நீர்ச் சிகிச்சை நிலையம். என்ன செய்தார்கள் என்றால், விழித்துக் கிடந்தவளைத் தூங்கினாள் என்று எழுதிவிட்டார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. ஆறாம் நாளிலிருந்து இருபத்தொன்றாம் நாள் வரை, பதினாறு நாள்.

சிரிக்காதீர்கள் அக்கா. எல்லோரும் இந்த இடத்தில்தான் சிரிக்கிறார்கள். திருடினாள் என்று எழுதியிருந்தால் யாராவது சிரிப்பார்களா? தூங்கினாள் என்று எழுதியதால் எனக்கு ஒரு வருடம் போக இருந்தது.

உங்கள் மடியில் இருக்கிற வெள்ளைத் துப்பட்டியைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். துப்பட்டி, மாற்றுத் துணி, டாக்டர் சீட்டு வைத்த பிளாஸ்டிக் கவர். கீழச்சேந்தங்குடிக்குத்தானே? முதல் தடவையா? என்ன காய்ச்சல் உங்களுக்கு? புளூவா. எத்தனை நாளாகத் தூக்கமில்லை? ஒரு மாதமா. சரி, பஸ் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. கேளுங்கள். முன்னாடியே தெரிந்திருந்தால் நல்லது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் எங்கள் விடுதியில் பதினோரு பேருக்குச் சிக்குன்குனியா. பத்துப் பேர் ஊருக்குப் போய்ப் படுத்து எழுந்து, பத்து நாளில் திரும்பி வந்துவிட்டார்கள். எனக்கும் காய்ச்சல் ஐந்து நாள்தான். அப்புறம் மூட்டு வலி. காலையில் விரல் மடங்காது, சீப்பைப் பிடிக்க முடியாது. அதைப் பொறுத்துக்கொண்டேன். தூக்கம் போனதுதான் திரும்பவே இல்லை. படுத்தால் கண் மூடும், உள்ளே எல்லா விளக்கும் எரியும்.

தூக்கம் வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள், எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். அம்மா, "அந்த போனைத் தூக்கிப் போடு, தானா வரும்" என்றாள். அண்ணன், "பகல்ல தூங்கியிருப்ப" என்றான். காய்ச்சல்தான் விட்டுப் போச்சே, இன்னும் என்ன என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "அப்படியா, தூங்கலையா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

அப்புறம் இன்னொன்றும் ஆனது. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி, "உப்புமா மாதிரி ஒரு டிபன் உலகத்துலயே கிடையாது" என்றாள். நான், "ஆமாம்" என்றேன். அவ்வளவுதான். என் அறைத்தோழி ஜெசிந்தா தட்டைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னடி, ஒத்துக்கிட்ட?"

"விடு. எதுவா இருந்தா என்ன."

அவள் பயந்துவிட்டாள். அன்றைக்கே பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். போய் டாக்டரம்மாவிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "மேடம், இவ ஒரு வாரமா யார்கூடவும் சண்டை போடல." இதுவா நோய்க்குறி? ஆனால் அந்த டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார். வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் சிலருக்கு இப்படி ஆகும், தூக்கம் கெடும், மனசு கீழே இறங்கும், கொஞ்ச நாள் பிடிக்கும் என்றார். மாத்திரை கொடுத்தார். கூடவே, கீழச்சேந்தங்குடியில் இருபத்தொரு நாள் தங்கிக் குளித்துவிட்டு வா என்று சீட்டும் எழுதினார்.

அந்த ஊர்க் கதை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. நாற்பது வருடத்துக்கு முன்னால் எண்ணெய் இருக்கிறதா என்று வயலில் துளை போட்டிருக்கிறார்கள். எண்ணெய் வரவில்லை, வெந்நீர் வந்தது. துளை போட்டவர்கள் குழாயை மூடிவிட்டுப் போனார்கள், ஊர்க்காரர்கள் திறந்துகொண்டார்கள். நடவு முடித்து வந்து அதன் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அப்புறம் ஓர் அறக்கட்டளை வந்து கொட்டகை போட்டு, தொட்டி கட்டி, டாக்டர் வைத்தது. தண்ணீரில் கந்தகம், உப்பு, இன்னும் என்னென்னவோ இருப்பதாகப் பலகையில் எழுதியிருக்கும். அவித்த முட்டை வாசனை அடிக்கும். இரண்டு நாளில் நமக்குப் பழகிவிடும். பக்கத்தில் உட்கார்கிறவர்களுக்குத்தான் பழகாது.

முதல் நாளே டாக்டரிடம் கேட்டேன். டாக்டர் பக்கிரிசாமி, வயதானவர், மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். "டாக்டர், இங்க வந்து குணமாச்சுன்னா அது தண்ணியில இருக்கற தாதுவாலயா, வெறும் சூட்டாலயா, இல்ல வேலைவெட்டி இல்லாம இருபத்தொரு நாள் படுத்துக் கிடக்கறதாலயா? எப்படிப் பிரிப்பீங்க? ஒப்பிட்டுப் பார்க்க சாதாரண வெந்நீர்ல குளிச்சவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லம்மா. எனக்கும் அது தெரியாது. குளிச்சுட்டு வா, பேசுவோம்."

தெரியாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவரிடம் மேலே எப்படி வாதம் செய்வது? அது ஒரு வகைத் தந்திரம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காலையில் பெண்கள் முறை. தொட்டியில் கழுத்து வரை இருபது நிமிடம். ஏறி, உலர்ந்த துணி மாற்றி, பக்கத்துக் கூடத்தில் பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வேண்டும். உங்கள் துப்பட்டியைப் போர்த்திவிடுவார்கள். அப்புறம் உங்கள் கையில் ஒரு கொட்டைப் பாக்கு கொடுப்பார்கள். ஆமாம், வெற்றிலைக்குப் போடுகிற பாக்குதான், முழுசு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, கையைப் பெஞ்சுக்கு வெளியே தொங்கவிட வேண்டும். கீழே எவர்சில்வர் தட்டு. தூக்கம் வந்தால் விரல் தளரும், பாக்கு விழும், டங் என்று சத்தம் கேட்கும். உடனே பதிவேட்டில் எழுதுவார்கள்: படுத்த நேரம் இது, பாக்கு விழுந்த நேரம் இது. படுத்து எத்தனை நிமிடத்தில் பாக்கு விழுந்ததோ, அத்தனை நிமிடத்தில் நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்று கணக்கு. தூக்கத்தை அளக்கிற எந்திரம் வாங்க வசதியில்லை என்று டாக்டர் கண்டுபிடித்த முறை.

எழுதுவது தையல்நாயகி அம்மா. குளிப்பாட்டுவது, போர்த்துவது, பாக்கு கொடுப்பது, பதிவேடு, எல்லாம் அவர்தான். ஐம்பது வயது இருக்கும். எப்போதும் கை ஈரமாக இருப்பதால் பேனா பிடிக்க மாட்டார், காதில் ஒரு குட்டைப் பென்சில். முதல் நாள் எனக்குப் பாக்கைக் கொடுத்தபோதே ஆரம்பித்தேன்.

"இது என்னம்மா, கல்யாணத்துக்கு அழைக்கிறீங்களா?"

"புடி பாப்பா. பேசாம படு."

"பக்கத்து பெஞ்சு அக்காவோட பாக்கு விழற சத்தத்துல நான் முழிச்சுக்கிட்டா? அப்ப என் தூக்கத்த யார் கணக்குல எழுதுவீங்க?"

"நீ மொதல்ல தூங்கு. அப்பறம் முழிக்கிறதப் பத்திப் பாக்கலாம்."

ஒரு பெண்ணிடம் பேசுகிற முறையா இது? அதோடு, பாக்கு விழுந்ததும் எழுதிவிட்டுப் போக மாட்டார். கால்மாட்டில் வந்து கொஞ்ச நேரம் நிற்பார். முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். வேவு பார்ப்பது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் ஐந்து நாள் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். ஆறாம் நாளிலிருந்து முடியவில்லை. சிக்குன்குனியா விரல் அக்கா, பாருங்கள், இந்தக் கணு இப்போதும் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கிறது. வெந்நீரில் ஊறி வந்ததும் விரல் இன்னும் தளர்ந்துபோகும். நான்காவது நிமிடம் டங். கண்ணைத் திறந்து கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணிக்கொண்டு கிடக்கிறேன், டங். முப்பத்தெட்டு ஆணி. தூங்குகிறவள் ஆணி எண்ணுவாளா?

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம்தான். பதிவு செய்த அன்று "விரல்ல வலி இருக்கா?" என்று டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். பரீட்சை எழுத விரல் சரியில்லை என்று யாராவது ஒரு தாளில் எழுதிவிட்டால், அது எனக்கு முன்னால் போய்த் துறையில் நிற்கும். அதனால் சொல்லவில்லை. அதற்காக ஒரு பாக்கைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்று நானே போய்ச் சொல்ல வேண்டுமா? அவர்கள் இரண்டாம் தடவை கேட்டிருக்கலாமே!

இருபத்தொன்றாம் நாள் முடிந்து விடுதிக்கு வந்தேன். ஒட்டிய உறையில் ஒரு கடிதம் எனக்கு முன்னால் துறைக்கு வந்திருந்தது. எங்கள் துறைத்தலைவர் நடனசபாபதி என்னைக் கூப்பிட்டார். அவருக்கு என்னைப் பிடிக்காது. போன பருவத்தில் அவர் போட்ட விடைக்குறிப்பில் தவறு இருக்கிறது என்று வகுப்பில் இருபத்தைந்து நிமிடம் வாதாடி நிரூபித்தேன். மூன்று மதிப்பெண் எல்லோருக்கும் கிடைத்தது. யாரும் நன்றி சொல்லவில்லை, அது வேறு.

"வாங்க வக்கீலம்மா" என்றார். கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "ஆறாம் நாள் முதல் நான்கு நிமிடத்தில் இயல்பான உறக்கம்." கீழே முத்திரை.

"நாலு நிமிஷம். எனக்கே அரை மணி நேரம் ஆவுது. ஆறாம் நாளே நல்லாயிட்ட. அப்புறம் பதினாறு நாள் வகுப்புக்கு வராம அங்க என்ன பண்ண? வெந்நீர்ல உல்லாசமா குளிச்சுட்டு வந்தியா?"

வருகைப் பதிவு அறுபத்தைந்து விழுக்காடு இருந்தால் மருத்துவச் சான்றோடு பரீட்சை எழுத விடுவார்கள். எனக்கு அறுபத்தொன்று. அறுபத்தைந்துக்குக் கீழே போனால் குழு கூடும். வராத ஒவ்வொரு நாளுக்கும் காரணம் காட்ட வேண்டும். காட்டினால் எழுதலாம். இல்லையென்றால் அந்தப் பருவத்தை அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து திரும்பப் படிக்க வேண்டும். படிப்பேன், அதில் எனக்குப் பயமில்லை. ஆனால் நடித்தாள் என்று ஆகிவிடும் இல்லையா? முப்பது நாள் தூங்காமல், உப்புமாவுக்கெல்லாம் ஆமாம் போட்டுக்கொண்டு, வாய் திறந்து ஒரு வார்த்தை பேசத் தெம்பில்லாமல் கிடந்தேனே, அதெல்லாம் நடிப்பு என்று ஒரு ஃபைலில் ஏறிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் முதல் பஸ். இதே பஸ்தான். கூடத்துக்குள் நேராகப் போனேன். தையல்நாயகி அம்மா துப்பட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"நான் தூங்குனேன்னு யார் எழுதச் சொன்னா உங்கள?"

"யாரு, பாப்பாவா? வா. நீ தூங்குனன்னு நான் எங்க எழுதுனேன்? பாக்கு வுழுந்துச்சு, பாக்கு வுழுந்த நேரம் எழுதுனேன்."

"பாக்கு விழுந்தா தூக்கமா? என் விரல்ல பிடிக்க முடியலைன்னா? பொய்க் கணக்கு எழுதி ஒரு பொண்ணோட வருஷத்தையே கெடுத்துட்டீங்களே, உங்களுக்கு உறுத்தலையா?"

இன்னும் நிறைய சொன்னேன். எல்லாம் இப்போது எதற்கு. தொட்டியில் இருந்த பெண்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மா கையில் இருந்த துப்பட்டியை மடித்து முடித்தார், இன்னொன்றை எடுத்தார்.

"கத்துறியா, கத்து. வந்தப்ப இந்தச் சத்தம் இல்ல உன்கிட்ட."

பாருங்கள், கேட்ட கேள்விக்கு இதுவா பதில்? என்ன சம்பந்தம்?

டாக்டர் பக்கிரிசாமி சத்தம் கேட்டு வந்தார். அவருடைய மேசை மேல் என் வலது கையை நீட்டி, ஒரு பாக்கைப் பிடித்துக்கொண்டு, முறை எப்படித் தப்பு என்று விளக்க ஆரம்பித்தேன். மூன்றாவது நிமிடம், பேசிக்கொண்டிருக்கும்போதே, பாக்கு கீழே விழுந்து உருண்டது. "நான் தூங்கிட்டேனா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் குனிந்து பாக்கை எடுத்தார். நான் விடவில்லை.

"பதிவேட்ட குடுங்க. ரெண்டு நாள் போதும்."

கொடுத்தார். அதை மறுக்க மாட்டேன், கொடுத்தார். இரண்டு வருடப் பதிவேடு ஆறு. வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பிரித்தேன். சிக்குன்குனியாவுக்கு வந்த பெண்கள் நாற்பத்து மூன்று பேர், பாக்கு விழ சராசரி ஐந்து நிமிடம். டெங்கு, புளூ, மற்ற காய்ச்சல் எல்லாம் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு பேர், சராசரி பத்தொன்பது நிமிடம். கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"சிக்குன்குனியா வந்தவங்க மட்டும் மத்த எல்லாரையும்விட நாலு மடங்கு வேகமாத் தூங்கறாங்களா டாக்டர்?"

அவர் அந்தத் தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், அது கழுத்தில் தொங்கியது.

"இத்தன நாளா நான் விரல் வலிய அளந்திருக்கேன். தூக்கத்த இல்ல."

அக்கா, அந்த நிமிடம் எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. பசித்தது. ஒரு மாதத்துக்கு அப்புறம் நன்றாகப் பசித்தது.

கண்டக்டர், கீழச்சேந்தங்குடி ரெண்டு! இல்லையக்கா, நான் எடுக்கிறேன், இருக்கட்டும்.

எங்கே விட்டேன்? ஆமாம், பதிவேடு. பதிவேட்டைப் புரட்டும்போது ஓரத்தில் பென்சில் கிறுக்கல் நிறைய இருந்தது. ஏதோ துணிக்கணக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். கடைசியில் என் பக்கத்துக்கு வந்தபோதுதான் படித்துப் பார்த்தேன். ஆறாம் நாள், பாக்கு விழுந்த நேரம் 7.14. ஓரத்தில்: "கால் சாயல." ஏழாம் நாள்: "கால் சாயல." எட்டாம் நாளும் அதேதான்.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"அதுவா? மல்லாக்கப் படுத்தவுங்க முழிச்சிருந்தா பாதம் நட்டுக்கிட்டு நிக்கும். தூங்கிட்டா ரெண்டும் பக்கத்துக்கு ஒண்ணா சாஞ்சிரும். கண்ண மூடி ஏமாத்தலாம், கால வச்சி ஏமாத்த முடியாது. உன் பாதம் பாரா நிக்கிற போலீசு மாதிரி நின்னுச்சு."

"அப்ப நான் தூங்கலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எழுதியிருக்கேனே. ஆபீசுல டைப் அடிக்கிற தம்பி, கட்டத்துக்குள்ள இருக்கறத மட்டுந்தான் அடிப்பேன், ஓரத்துல இருக்கறதுக்குக் கட்டம் இல்லன்னுட்டாரு."

பார்த்தீர்களா, எங்கே போய் நிற்கிறது என்று? நான் தூங்கவில்லை என்று நம்பிய ஒரே ஆள் இந்த உலகத்தில் அந்த அம்மா. அவரைத்தான் பொய்க் கணக்கு எழுதுகிறவர் என்று நான் கத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. மன்னிப்பா? வாதத்தில் சூடான வார்த்தை வரத்தான் செய்யும். அதற்கெல்லாம் மன்னிப்பு என்று ஆரம்பித்தால் யாரும் எதையும் பேச முடியாது. அந்த அம்மாவும் எதிர்பார்க்கவில்லை. காபி வேணுமா என்றுதான் கேட்டார்.

ஒன்பதாம் நாள் ஓரத்தில் என்ன இருந்தது தெரியுமா? "கால் சாயல. அழுவுது. ஒண்ணும் கேக்கல." இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெந்நீரில் இருபது நிமிடம் இருந்துவிட்டு வந்தால் முகமெல்லாம் வியர்க்கும், கண்ணோரத்தில் தண்ணீர் நிற்கும். அதை அழுகை என்று எழுதினால் எப்படி? ஆனால் ஒன்று, அன்றைக்கு அந்த அம்மா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம். அது நினைவிருக்கிறது. அப்படியா, தூங்கலையா என்றுகூடக் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

சிக்கல் எங்கே என்றால், பதினாலாம் நாளில். ஓரத்தில்: "கால் சாஞ்சிது. எழுப்பல." பதினைந்து, "சாஞ்சிது." பதினாறு, "சாஞ்சிது. கொறட்ட." அப்படியே இருபத்தொன்று வரைக்கும்.

குறட்டை! அக்கா, நான் பதினாலாம் நாள் தூங்கவே இல்லை. தகரத்தின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணக்கை யோசித்துக்கொண்டிருந்தேன். பெரிய கணக்கு. கண்ணைத் திறந்தபோது மழை விட்டிருந்தது, கூடத்தில் ஒருவரும் இல்லை, தட்டெல்லாம் எடுத்தாகிவிட்டது. மின்சாரம் போயிருந்தது. தையல்நாயகி அம்மா பதிவேட்டு அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். மணி பத்து. அவ்வளவு நேரமும் கணக்குத்தான். விடை என்ன என்று கேட்காதீர்கள், பாதியில் எழுந்துவிட்டேன்.

டாக்டரிடம் சொன்னேன்: "பதிமூணாம் நாள் வரைக்கும் பென்சில் குறிப்பச் சேர்த்துப் புதுக் கடிதம் குடுங்க. பதினாலுல இருந்து வேண்டாம். அது தப்பு."

"பென்சில் வேணும்னா முழுப் பென்சிலும் வேணும்மா. பாதிய ஒடச்சு எடுத்துக்க முடியாது."

அரை மணி நேரம் வாதாடினேன். அசையவில்லை. முறை தப்பு என்று நான் சொன்னால் கேட்டுக்கொள்கிறார், அந்த அம்மா பார்த்தது தப்பு என்று சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார். கடைசியில் முழுவதும்தான் எழுதினார்: பதிமூன்று நாள் உறக்கமில்லை, பதினாலாம் நாள் முதல் உறக்கம், பாக்கு முறை சிக்குன்குனியா நோயாளிகளுக்குப் பொருந்தாது, இதற்கு முன் எழுதிய கடிதம் தவறு. தவறு என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எத்தனை டாக்டர் அப்படி எழுதுவார்கள்? நான் பார்த்ததில்லை.

குழு கூடியது வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. நடனசபாபதி நடுவில், இந்தப் பக்கம் தேர்வுப் பிரிவு அலுவலர், அந்தப் பக்கம் வேதியியல் பேராசிரியை ஒருவர். மூலப் பதிவேட்டைக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பதிவேடு வெளியே போனால் தையல்நாயகி அம்மாவும் கூடப் போக வேண்டும் என்பது அங்கே விதி. வந்தார். பஸ் பிடித்து, மழைக்குப் பதிவேட்டை வெள்ளைத் துப்பட்டியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு. காதில் அந்தக் குட்டைப் பென்சில். உள்ளே நுழைந்ததும் அறையில் அவித்த முட்டை வாசனை. தேர்வுப் பிரிவு அலுவலர் ஜன்னலைத் திறந்தார்.

முதல் பகுதி சுலபமாக முடிந்தது. நாற்பத்து மூன்று, நூற்றுப் பன்னிரண்டு, ஐந்து, பத்தொன்பது. நடனசபாபதி என் தாளை இரண்டு தடவை பார்த்தார். கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "சரி, பதிமூணு நாள ஏத்துக்கறோம்" என்றார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா பதினாலாம் நாள்ல இருந்து தூங்கியிருக்கா. இது உங்க நோட்டுதான் சொல்லுது. சரியாயிட்ட பொண்ண அப்புறம் எட்டு நாள் எதுக்கு அங்க வச்சிருந்தீங்க? ஏன் அன்னிக்கே அனுப்பல?"

அந்த எட்டு நாள்தான் எல்லாம். எட்டு நாளுக்குக் காரணம் இல்லையென்றால் ஒரு வருடம்.

நான் தயாராக வந்திருந்தேன். மூன்று பக்கம். முதலாவது, கால் சாய்வது தூக்கத்துக்கு ஆதாரம் என்று இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை. இரண்டாவது, நான் தூங்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது, அப்படியே தூங்கியிருந்தாலும், ஒரு நாள் தூங்கியதை வைத்துக் குணமாகிவிட்டது என்று முடிவு கட்டுவது புள்ளியியல்படி குற்றம். அந்த மூன்று பக்கமும் இதோ இந்தப் பையில்தான் இருக்கிறது, வேண்டுமானால் படித்துக் காட்டுகிறேன்.

வேண்டாமா. சரி. ஊர் நெருங்கிவிட்டது, அந்தத் தகரக் கொட்டகை தெரிகிறது பாருங்கள். அதற்குப் பின்னால் வருவதுதான் நிறுத்தம். அந்தப் பொட்டலமா? பென்சில், ஒரு டஜன். தையல்நாயகி அம்மாவுக்கு. அன்பளிப்பெல்லாம் இல்லை, அந்தக் குட்டைப் பென்சிலில் எழுதினால் எழுத்து மங்கிவிடுகிறது, ஆதாரம் போய்விடும். ஆமாம், இப்போதெல்லாம் ஓரத்துக் குறிப்புக்கும் ஒரு கட்டம் போட்டாகிவிட்டது, நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன். அது சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கத்தான் சனிக்கிழமை சனிக்கிழமை வருகிறேன். குளிக்கவா? தொட்டியில் இறங்காமல் எப்படி மேற்பார்வை பார்ப்பது? இறங்குவேன். படுப்பேன். போன வாரம் பத்தரை மணி வரைக்கும் மேற்பார்வை பார்த்தேன். துப்பட்டியை இழுத்துப் போர்த்திவிட்டது யார் என்று தெரியவில்லை.

பரீட்சை திங்கட்கிழமை. ஹால் டிக்கெட் இந்தப் பையில்தான், அந்த மூன்று பக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த மூன்று பக்கத்தால் கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நான் எழுந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "முதலாவதாக" என்று வாயைத் திறந்தேன். தையல்நாயகி அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அவர் சொன்ன பதிலில் தர்க்கம் இல்லை, ஆதாரம் இல்லை, ஒரு எண்கூட இல்லை. எதிர்ப்பக்கம் நான் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் உடைத்திருப்பேன். அந்த மூன்று பேருக்கும் உடைக்கத் தெரியவில்லை. துப்பட்டியைப் பிரித்து, பதிவேட்டைத் திறந்து, என் பக்கத்தை எடுத்து நடனசபாபதியின் முன்னால் வைத்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"முப்பது நாளு கண்ணு மூடாத புள்ள சார். அப்பதான் தூங்க ஆரம்பிச்சிது. அத எழுப்பி பஸ்ஸு ஏத்திவிட எனக்கு மனசு வரல. உங்களுக்கு மனசு வருதுன்னா, இந்தாங்க நோட்டு, இந்தாங்க பென்சிலு, நீங்களே எழுதிக்குங்க."